டிக்கியில் எழுதிய அழைப்பு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், அருப்புக்கோட்டையில் ஒரு முதலாளியின் கறுப்புக் காருக்கு நான் டிரைவர். ஒரு கல்யாணத்துக்காகப் பரளச்சி போனோம். முதலாளியை ஊரே வரவேற்றது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் பந்தியில் உட்கார எனக்கு ரோஷம். புழுதி படிந்த காருக்குள்ளேயே தூங்கிவிட்டு, இருட்டியதும் ஊரைத் திட்டிக்கொண்டே பசியோடு ஓட்டிவந்தேன்.

மறுநாள் காரைக் கழுவியபோது, டிக்கியின் மேல் மயிரிழைக் கீறல்களாக எழுத்து தெரிந்தது: ‘டிரைவரண்ணே, சாப்பிட வாங்க.’ என்னை எழுப்ப மனமில்லாமல் யாரோ புழுதியில் விரலால் எழுதியிருக்கிறார்கள். மண் உராய்ந்து பெயிண்டில் பதிந்துவிட்டது.

“என்னப்பா இது கீறலு? பொழுதடையிறதுக்குள்ள இது அழிஞ்சு போயிரணும்,” என்றார் முதலாளி.

பாலிஷ் தொட்டு, கம்பளித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கடைசியில் ‘வாங்க’ மட்டும் மிஞ்சியது. அதையும் தேய்த்தேன்.