ஐந்து மந்தைகள் வந்த நாள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. உள்ளே வேரோடு பிடுங்கிய புல் கொத்து. மேலே புல் இரண்டு விரற்கடைதான். வேரோ ஒரு முழம். மும்பை செம்பூரில் எங்கள் அலுவலகத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் எங்கள் சர்வேயர் அண்ணன். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். "யம்மா, வேரு இம்புட்டு ஆழம் ஓடிருக்கு. இதப் போயி கெட்டுப்போன நெலம்னு எழுதப் போறியளா?" என்று கேட்டார்.

எழுதியது நான்தான். மண்ணில் எவ்வளவு கார்பன் தங்கியிருக்கிறது என்று கணக்கிட, முதலில் புல்வெளியை வகைப்படுத்த வேண்டும்: மேம்பட்டது, இயல்பானது, ஓரளவு சீரழிந்தது, மிகவும் சீரழிந்தது. எங்கள் படிவத்தில் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை ஆடு என்று போட்டால் கணினியே வகையைச் சொல்லிவிடும்; ஆடு கூடக்கூட வகை இறங்கும். மலைக்கு அப்பால், இந்தக் கொத்து முளைத்த புல்வெளியில் ஐந்து ஆட்டுக்காரக் குடும்பங்கள் முறைவைத்து மேய்த்தன. ஒரு மந்தை போனால் அடுத்தது வரப் பல வாரம் ஆகும். நாங்கள் போகும் தேதியை அண்ணன்தான் மரியாதைக்காக முன்பே சொல்லியனுப்பினார். ஆடு நிறையத் தெரிந்தால் தீவன உதவி கிடைக்கும் என்று நம்பி, அவர்கள் ஐந்து மந்தைகளையும் ஒன்றாக ஓட்டிவந்து நிறுத்திவிட்டார்கள். எண்ணினோம். நான் ஒரு குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு படம்கூட எடுத்துக்கொண்டேன், வெட்கமாக இருக்கிறது. கிளம்பும்போதுதான் ஒரு பெரியவர், முறையை விட்டு ஐந்து மந்தையையும் ஓட்டிவந்து எதையும் மறைக்காமல் காட்டிவிட்டோம் என்று அண்ணனிடம் மராத்தியில் சந்தோஷமாகச் சொன்னார்.

மேலதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தேன். கண்ணால் பார்த்த எண்ணைத்தான் எழுத முடியும், மறுபடி போக அனுமதி இல்லை என்றார். 'மிகவும் சீரழிந்தது' என்று பதிவானது. நிலத்தை மீட்பதற்காக வேலி போட்டார்கள், மேய்ச்சல் நின்றது. "தேதி சொன்னது நாந்தான யம்மா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்க முன்னால போயி நிப்பேன்?" என்ற அண்ணன், அந்த மாதமே வேலையை விட்டார்.

இந்த வாரம் அதே புல்வெளியின் மறுமதிப்பீடு என் மேசைக்கு வந்தது. ஆடுகள்: பூஜ்யம். வகை: மேம்பட்டது. மனசு கேட்காமல் அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன்.

"அந்த அஞ்சு குடும்பமும் எங்க போச்சுன்னு படிவத்துல கேட்டிருக்கா?" என்றார்.

"அதுக்குக் கட்டமே இல்லண்ணே."

உறையை எடுத்துப் பார்த்தேன். வேரிலிருந்த மண் முழுக்க உதிர்ந்து அடியில் கிடந்தது. உறையை மறுபடி இழுப்பறையில் வைத்துவிட்டு, படிவத்தை அனுப்பினேன்.