மரியநாயகத்தின் புகை டாங்கி

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவுக்குப் பின்னால் பள்ளத்தில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு டாங்கியை மரியநாயகம் தான் குடியிருக்கும் லயத்துக்குப் புரட்டிக்கொண்டு வந்த அன்றுதான், அவன் மனைவி றோசலின் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கான மெடிக்கலை முடித்துவிட்டுக் கொழும்பிலிருந்து திரும்பியிருந்தாள். வாசலில் டாங்கியைப் பார்த்தாள். முழங்கையெல்லாம் சிராய்ப்போடு அதன் பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க?" என்றாள்.

"நீ போகாம இருக்கிறதுக்கு" என்றான் அவன்.

சொல்லிவிட்டு அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் சொன்னது பொய்யில்லை.

மரியநாயகம் இருபது வருஷத்துக்கு மேல் தோட்டத்து பெக்டரியில் டிரையருக்கு நெருப்புப் போட்டவன். வாடி, அரைபட்டு வருகிற கொழுந்தைக் காயவைத்துத் தூளாக்குவது டிரையர். அதன் அடுப்பு இவன் கையில் இருந்தவரை தூள் கருகியதும் இல்லை, ஈரம் தங்கிப் பூத்ததும் இல்லை. இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டேதான் பெக்டரியை மூடினார்கள். கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பினால் போதுமாம். மெஷின்களைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். நெருப்புப் போடுகிறவனை எந்தக் கடையில் விற்பது? அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு மலையில் புல் வெட்டினான், ஹட்டனில் மூட்டை தூக்கினான், எதுவும் நிலைக்கவில்லை. றோசலின் பறிக்கும் கொழுந்தில்தான் வீடு ஓடியது. ஓடியது என்பதே மரியாதைக்குச் சொல்வது, தள்ளாடியது.

குவைத்துப் பேச்சை எடுத்தவள் றோசலின்தான். மேல் லயத்து நிலக்ஷி அங்கே போய், போனில் அழாத நாளில்லை என்று தெரிந்தும் எடுத்தாள். மகள் றொசானாவுக்கு வயது ஒன்பது. தாய் போனால் அந்தப் பிள்ளைக்கு யார் தலை வாரி விடுவது என்பதில் தொடங்கி மரியநாயகத்துக்கு எல்லாமே பயமாக இருந்தது. மறுக்கவும் வாயில்லை. வேலையில்லாத ஆம்பிளை எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுப்பான்?

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு யோகேஸ்வரன் ஒரு செய்தி கொண்டுவந்தான். அவன் த்ரீவீலர் ஓட்டுகிறவன். நுவரெலியாவில் ஒரு விடுதிக்கு மரக்கறி ஏற்றிக் கொடுப்பான். விடுதி முதலாளி அவனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். எங்கோ வெளிநாட்டில் பழைய டாங்கியை அறுத்து, ஒரு பக்கம் அடுப்பு வைத்து, உள்ளே இறைச்சியை அடுக்கி, நாள் முழுக்கப் புகையிலேயே வேகவைக்கிறார்கள். ஏப்ரல் சீசனுக்கு வருகிற கொழும்பு ஆட்கள் இதைத்தான் கேட்கிறார்களாம். இங்கே யாராவது சரியாகச் செய்து கொடுத்தால் சீசனுக்கு மட்டுமல்ல, வருஷம் முழுக்க வாராவாரம் எடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"அண்ணே, நெருப்பு வேல ஒங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. விட்ராதீங்க" என்றான் யோகேஸ்வரன்.

மரியநாயகம் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அடுப்பு, குழாய், தட்டு, புகைக்கூண்டு.

"இது சின்ன டிரையர் தானப்பா" என்றான். வெகுநாளைக்குப் பிறகு அவன் குரல் நிமிர்ந்தது. அந்த எண்ணம்தான் அவனைக் கவிழ்க்கப்போகிறது என்று அங்கே யாருக்குத் தெரியும்?

டாங்கி ஒரு காலத்தில் துரை குளிக்கச் சுடுதண்ணீர் காய்ச்சியது. பங்களாவுக்குக் கரண்டு ஹீட்டர் வந்ததும் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். வாச்சர் வீரய்யா, "எடுத்துக்கிட்டுப் போ, பாம்பு குடியிருக்கு" என்று சொல்லிக் கொடுத்தார். பாம்பு இல்லை, துருதான். அதை மணல் போட்டுத் தேய்த்தான். உள்ளே நெருப்பு மூட்டி எரித்து, கழுவி, மறுபடி எரித்தான். டவுன் வெல்டிங் கடைக்காரரிடம் கெஞ்சி, பக்கவாட்டில் கதவு அறுத்துக்கொண்டான். கீல் பழைய மாட்டுக் கொட்டில் கதவில் இருந்து வந்தது. அடுப்புக்குப் பாதியாய் வெட்டிய பீப்பாய். இரண்டையும் இணைத்த இடத்தில் புகை கசிந்தபோது சாம்பலும் களிமண்ணும் குழைத்து அப்பினான். பெக்டரி மூடிய அன்று அவன் சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்த ஒரே பொருள் டிரையரின் வெப்பமானி. அதைக் கதவில் ஓட்டை போட்டுச் செருகினான். முள் அசைந்ததைப் பார்த்து அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி பன்றி இறைச்சியை யோகேஸ்வரனிடமே கொடுத்தனுப்பினார். புதுவருஷக் கூட்டம் வருவதற்கு முன் ருசி பார்க்க வேண்டும் என்றார். மரியநாயகம் மூடிய பெக்டரியின் பின்னால் எஞ்சிக் கிடந்த டர்பன்டைன் விறகைத் தூக்கி வந்தான். டர்பன்டைன் என்றால் தோட்டத்தில் யூக்கலிப்டஸ் மரம். வயிரம் பாய்ந்து, எலும்பாய்க் காய்ந்த விறகு. டிரையருக்கு அவன் போட்டதெல்லாம் அதுதான்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை, அதாவது மிலாறை, றோசலின் மலையிலிருந்து சுமந்து வந்து கொல்லையில் அடுக்கி வைத்திருந்தாள். வீட்டு அடுப்பு எரிவது அதில்தான்.

"மிலாறு கொஞ்சம் தரவாங்க?" என்று கேட்டாள்.

"சோறாக்குற குச்சியில இதுக்கு ஹீட்டு நிக்குமா புள்ள?" என்று சிரித்தான்.

காலையில் மூட்டிய நெருப்பை மாலைவரை முள் அசையாமல் காத்தான். லயத்து ஆட்கள் வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்கள். "பெக்டரி வாசம் வருதே" என்று அந்தக் கூட்டத்தில் நின்ற பேச்சியம்மா சொன்னபோது மரியநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. இறைச்சி வெளியே வந்தபோது நல்ல செம்பு நிறம். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ஆனால் ஒருவரும் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை. மரியநாயகம் வீட்டில் தவக்காலம். சாம்பல் புதன் தொட்டு இறைச்சி கிடையாது. மற்ற வீடுகளில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தது; முட்டைகூட ஆகாது. கடவுளுக்குப் பயந்த சனம். ஒரு லயம் முழுக்கச் சுற்றி நின்று பார்த்து, ருசி அறியாமலே அந்த இறைச்சியை நுவரெலியாவுக்கு வழியனுப்பி வைத்தது.

விடுதிச் சமையலறையில், கூடப் போயிருந்த மரியநாயகத்தின் முன்னாலேயே முதலாளி ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். கடதாசியில் துப்பிவிட்டு, தடிமனுக்கு நெஞ்சில் தேய்க்கிற தைலத்தைக் கடித்த மாதிரி இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இரக்கமாகச் சொன்னார்.

மரியநாயகம் தவக்காலத்தை மறந்தான். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தான். கசந்தது. தைலம் தொண்டைவரை ஏறியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. டிரையரில் புகை ஒருநாளும் தேயிலையைத் தொட்டதில்லை. இரும்புக் குழாய்களைச் சூடாக்கிவிட்டுப் புகை கூண்டு வழியே வெளியே போய்விடும். தேயிலைக்குப் போவது சூட்டுக் காற்று மட்டும். அங்கே விறகு காய்ந்திருந்தால் போதும், எந்த மரம் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே புகைதான் எல்லாம். ஆயுசு முழுக்க அந்த டர்பன்டைன் புகைக்குள்ளேயே கிடந்தவனுக்கு அப்படி ஒரு வாசம் இருப்பதே தெரியாமல் போயிருந்தது.

இன்னொரு தடவை செய்து தருகிறேன் என்று கைகூப்பினான். தெரிந்த சிங்களம் அத்தனையும் தீர்ந்த பிறகு தமிழிலும் கெஞ்சினான். புதுவருஷத்துக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், கொழும்பில் ஓடர் கொடுத்துவிடுகிறேன், அடுத்த சீசனுக்குப் பார்ப்போம் என்றார் முதலாளி. அடுத்த சீசன். மரியநாயகத்துக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தாமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து த்ரீவீலரில் ஏறினான்.

வீட்டுக்கு வந்தபோது றோசலின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"டிக்கட் வந்திருச்சாம். பாஸ்குவுக்கு மறுநாள்" என்றாள்.

பாஸ்குத் திருநாளான உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும் மரியநாயகம் டாங்கியை மூட்டினான். டிக்கோயாப் பக்கம் பன்றி வளர்க்கிற ஒருவரின் தொழுவத்தைக் கழுவிக் கொடுத்துக் கூலியாக ஒரு துண்டு இறைச்சி வாங்கி வந்திருந்தான். இந்த முறை மிலாறு. மெல்லிய குச்சிதான், நிமிஷத்துக்கு நிமிஷம் போட வேண்டியிருந்தது, நகரவே முடியவில்லை. புகை நீலமாக, லேசாக வந்தது. உள்ளே றோசலின் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். றொசானா தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டே அலைந்தாள். மாலையில் இறைச்சி வெந்தபோது யாருக்கும் சாப்பிட மனமில்லை. மரியநாயகம் அதைத் துண்டு போட்டு, வழியில் சாப்பிடட்டும் என்று வாழையிலையில் சுற்றிப் பொதியாக்கினான்.

காலையில் ஏஜென்சி வேன் கீழ் ரோட்டில் வந்து நின்றது. றோசலின் கையில் இருந்த பொதியைப் பார்த்ததும் ஏஜென்சி ஆள் கேட்டான்.

"அது என்னக்கா?"

"பன்னி எறச்சி தம்பி. வழிக்கு."

"ஐயோ, அத எடுத்துக்கிட்டுப் போயிறாதீங்க. அந்த நாட்டுல மாட்டிக்கிட்டா பெரிய வம்பு. இங்கயே குடுத்துட்டு ஏறுங்க."

றோசலின் பொதியைப் புருஷனிடம் கொடுக்கவில்லை. ரோட்டோரத்தில் நின்றபடியே பிரித்தாள். ஒரு துண்டை மகள் வாயில் வைத்தாள். அடுத்ததைத் தான் மென்றாள். மெல்ல மெல்ல அவள் முகம் மாறியது. நிமிர்ந்து மரியநாயகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நன்றாக வந்திருக்கிறது. முதலாளி தேடியது இதுதான்.

ட்ரைவர் ஹோர்ன் அடித்தான். அவள் அவசரப்படவில்லை. கண்ணீர் வழிய வழிய, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள். இலையை மடித்து அவன் கையில் கொடுத்தாள். மகளின் தலையைக் கோதிவிட்டு வேனில் ஏறி, கண்ணாடியைத் திறந்தாள்.

"கொல்லையில மிலாறு நெறைய அடுக்கி வச்சிருக்கேங்க" என்றாள். "மழைக்கு முன்ன உள்ளுக்கு எடுத்து வச்சிருங்க."