வெளிமான் பார்க்கப் போனேன்

காட்பாடியில் காலை ஏழு மணி பாசஞ்சரில் ஏறினேன். ஆம்பூருக்கு மூன்றாம் வகுப்பு ஒன்பது அணா. மார்கழிக் குளிர். எனக்கோ வாய் சும்மா இருக்காது. வெளிமான் பார்க்கப் போவதாகப் பெட்டி முழுக்கச் சொல்லித் தொலைத்தேன்.

ஆம்பூரில் இறங்கியதும் தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. மான் இருக்கும் புல்வெளி அங்கிருந்து ஆறு மைல். ஜட்காக்காரர் கரீம் பாய் போகவர ஒரு ரூபாய் கேட்டார்.

"மான் பாக்கவா சார் இம்மாந்தூரம் வந்தீங்க? உங்களுக்குப் பொழுது ஜாஸ்திதான்" என்றார்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாடுகள் மேய்ந்து மேய்ந்து கட்டாந்தரையாகிப் போன ஜமீன் நிலம் அது. மான்களுக்காக அதைச் சீர்படுத்தும் வேலையை ஜமீன்தார் தம் மேனேஜர் ராஜரத்தினத்திடம் விட்டிருந்தார். அவர் முள்வேலி போட்டார், நுழைந்த மாடுகளைப் பட்டியில் அடைத்தார், அபராதம் வாங்கினார். ஐந்தே வருஷத்தில், சும்மா சொல்லக் கூடாது, மார்பளவு புல். கால் வைத்த இடமெல்லாம் காடை பறந்தது.

"மான் எங்கே?" என்றேன்.

எங்களுக்காகக் காத்திருந்த மேனேஜர் வேலிக்கு வெளியே கை காட்டினார். அறுத்த கொல்லையில் ஒரு சிறு கூட்டம் நின்றது.

"உசந்த புல்லுல ஓநாய் பதுங்கினா அதுங்களுக்குத் தெரியாது. அதான் உள்ள வர மாட்டேங்குது. வெளிய நின்னா துப்பாக்கிக்காரன் சுடறான். மாட்டை மொத்தமா வெரட்டினது என் தப்பு சார். கொஞ்சம் மேஞ்சா புல்லு தாழும், மான் வந்துடும். மாட்டுக்காரங்களைக் கூப்பிடப் போறேன், வர்றீங்களா?"

"ஆள் விட்டு அறுக்கலாமே?"

"ஆளா? எல்லாம் தோல் ஷாப்புக்குப் போய்ட்டாங்க."

பக்கத்துக் கிராமத்துக்கு நடந்தோம். ஒரு காலத்தில் பெரிய மந்தை வைத்திருந்த குடும்பத்து முனியம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நாளையிலேர்ந்து மாட்டை உள்ள ஓட்டிக்கிட்டு வாங்க. அபராதம் கெடையாது" என்றார் மேனேஜர்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "மாடு ஏதுங்க? தீனியில்லாம எலும்பா நின்னுச்சு. சந்தையில தள்ளிட்டோம். தோலுக்குன்னுதான் வாங்கிட்டுப் போனான். எங்க ஊட்டுக்காரரு இப்ப தோல் ஷாப்புல, தோலை ஊறவெக்கிற சுண்ணாம்புக் குழியில நிக்கறாரு."

கோபமே இல்லாமல் சொன்னாள். மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. மற்ற வீடுகளிலும் இதே பதில்தான். கடைசி வீட்டில் ஓர் எருமைக் கன்று கட்டியிருந்தது.

வேலிக்குத் திரும்பி வந்து மூன்று மணிக்கு ஜட்காவில் ஏறினேன். மேனேஜர் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வேலூர்ல யாராச்சும் மாடு வெச்சிருந்தா சொல்லுங்க சார். மேய்ச்சலுக்குக் காசு வாணாம்."

வேலூரில் எங்கள் தெருவில் மாடுகள் வழியை அடைத்துக்கொண்டு சுவரொட்டியைத் தின்னும். தினமும் குடையை ஓங்கி விரட்டுகிறவன் நான். அவற்றை முப்பது மைலுக்கு யார் ஓட்டி வருவார்கள்? "பார்க்கிறேன்" என்று பொய் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். வண்டி திரும்பும்போது பார்த்தேன், மாடு நுழைகிற அகலத்துக்கு வேலி முள்ளை இழுத்து இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்.