கேப்டன் தூங்குகிறார்

விமானம் ஓட்டுகிறவரின் மனைவி என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் புதிதாகக் குடிவருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நினைத்தால் சிங்கப்பூர், நினைத்தால் துபாய் என்று போய் வருகிறவள் என்று நினைப்பு. நான் தினமும் பஸ் பிடித்து வாலாஜாபாத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவள். அவர் ஓட்டுவது டிக்கெட் வாங்கி ஏறுகிற விமானமும் இல்லை. மும்பையில் இருக்கும் ஒரு தமிழ் முதலாளியின் சொந்த ஜெட். எட்டுப் பேர் உட்காரலாம். அந்த எட்டில் ஒரு சீட்டில்கூட நான் இதுவரை உட்கார்ந்ததில்லை.

பெரிய கம்பெனி விமானிகளுக்கு எந்த நாளில் எங்கே வேலை என்று முன்கூட்டியே தெரியும். இவருக்கு எல்லாமே ஃபோன்தான். அது எப்போது அடிக்கிறதோ அப்போது கிளம்ப வேண்டும். ஓட்டுவது மட்டும் வேலை என்றால் பரவாயில்லை. பெட்டிகளை ஏற்றுவது, சாப்பாட்டுக்குச் சொல்வது, சீட்டைத் துடைப்பது, முதலாளியின் மீட்டிங் முடிகிறவரை ஏர்போர்ட் நாற்காலியில் காத்துக்கிடப்பது, எல்லாம் அவர் தலையில்தான். காத்துக்கிடக்கிற நேரத்தை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை. இத்தனை நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நடுவில் ஒழுங்காகப் படுத்து ஓய்வெடுத்தால் மட்டும் அந்த நாளைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. விதியை மீறச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். "கேப்டன், முடியும்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே முடியும் என்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாளியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. சனிக்கிழமை காலையில் மும்பையில் விசேஷம். புடவை மட்டும் காஞ்சிபுரத்தில்தான் எடுக்க வேண்டும், அதை அம்மன் பாதத்தில் வைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும் என்று முதலாளியம்மாவுக்கு ஒரு வேண்டுதல். எல்லாம் கடைசி நேரத்தில் முடிவானது. வெள்ளிக்கிழமை காலையில் சென்னையில் வந்து இறங்கி, காரில் காஞ்சிபுரம் வந்து, இருட்டியதும் மும்பைக்குத் திரும்பிப் பறப்பது என்று ஏற்பாடு. இவரோ வியாழக்கிழமைதான் டெல்லிக்குப் போய், முதலாளிக்காகப் பகலெல்லாம் காத்திருந்துவிட்டு மும்பைக்குத் திரும்பியிருந்தார். விடிவதற்குள் மறுபடி எழுந்து கிளம்பியிருக்கிறார். சென்னையில் இறங்கியதும் இரண்டு விமானிகளும் ஏர்போர்ட் பக்கத்தில் ஓட்டலில் படுத்துத் தூங்குவதாக இருந்தது.

முதலாளியம்மா நல்ல மனசோடுதான் அதைக் கெடுத்தார். "உங்க ஊர்தானே கேப்டன், எங்க கூடவே கார்ல வாங்க, உங்க வீட்டுலேயே நிம்மதியா தூங்குங்க, உங்க மனைவி எங்களுக்குக் கடை காட்டட்டும்" என்றாராம். கூட ஓட்டுகிற பையன் ஓட்டலுக்குப் போய்விட்டான். இவர் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் பின்சீட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தேன். அவர் தூங்க வேண்டும், அது ஒன்றுதான் அன்றைக்கு என் வேலை. எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அண்ணனின் தறி. கூச்சத்தோடு போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். பாதிப் புடவை தறியில் கிடந்தது. அண்ணன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "ராத்திரிக்கு ஓட்டணும்ல, தூங்கட்டும்மா. நான் ஐயம்பேட்டை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இவர் வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. நின்றபடியே இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டார். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கி, ஃபோனை அணைத்துவிடச் சொன்னேன். ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள், அணைக்க முடியாது, சத்தத்தை நிறுத்திவிட்டேன் என்றார். வாசலில் காரிலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் படுக்கிறவரைக்கும்கூட இருந்து பார்க்க முடியாமல் ஓடினேன்.

காரில் முதலாளியம்மா, கல்யாணப் பெண், முதலாளியின் தங்கை என்று மூன்று பேர். கடையில் மெத்தை விரித்து உட்காரவைத்து, புடவை புடவையாகப் பிரித்துப் போட்டார்கள். அந்தப் பெண் பாவம், அதிகம் அலட்டவில்லை. கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றைச் சீக்கிரமே எடுத்துவிட்டாள். அப்பாடா என்று நான் எழுந்திருக்கும்போது முதலாளியின் தங்கை கையைப் பிடித்து உட்காரவைத்தார். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிவரை ராகு காலம், நிச்சயப் புடவைக்கு அந்த நேரத்தில் பில் போடக் கூடாது. கடைக்காரரும் ஆமாம் ஆமாம் என்றார். எடுத்த புடவையை நடுவில் வைத்துவிட்டு அதைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு அடித்து, பில் போட்டு, பெட்டியில் வைத்து, காந்தி ரோடு நெரிசலில் ஊர்ந்து கோயிலுக்குப் போனால் நடை சாத்திவிட்டார்கள். இனி நாலு மணிக்குத்தான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே முதலாளியம்மா இயல்பாகக் கேட்டார். "உங்க வீடு பக்கத்துலதானேம்மா? நாலு மணி வரைக்கும் அங்க வந்து உட்கார்றோமே. உங்க வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும்."

அட்ரஸ் கேட்டு வாசலில் நிற்கிறவருக்குக்கூட ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்புகிற தெரு எங்களுடையது. சோறு போடுகிற முதலாளியின் மனைவி, கையில் நிச்சயப் புடவையோடு, வெள்ளிக்கிழமையில் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். ஒரு கூடமும் ஒரு அறையும் உள்ள வீடு. அறைக்கதவு முழுசாகச் சாத்தாது. அந்த அம்மாவின் குரல் காதில் விழுந்தால் இவர் அடித்துப்பிடித்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலி தேட ஆரம்பித்துவிடுவார். அப்புறம் எங்கே தூங்குவது?

"வேணாம்மா" என்றேன். "வீட்டுக்கு வராதீங்க. அவரு தூங்கினு இருக்காரு."

சத்தமே போடமாட்டோம் என்றார் முதலாளியின் தங்கை.

"நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சாலே எழுந்துடுவாரும்மா. ராத்திரிக்கு அவரு பின்னாடிதானே நீங்க எல்லாரும் உட்காரப் போறீங்க."

முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். எப்படி வந்ததோ அந்த வார்த்தை. முதலாளியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். அந்த ஓட்டலிலேயே மாடியில் ஓர் அறை எடுத்தார்கள். நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. இவர் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனோ என்று தோன்றியது. வீட்டுக் கடன் இருக்கிறது, அவருக்கும் வயது ஏறுகிறது, இன்னொரு முதலாளியைத் தேடிப் போக முடியுமா என்றெல்லாம் ஓடியது. ஆனாலும் ஒரு நினைப்பு என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

நாலு மணி ஆகப்போகிற நேரத்தில் அவரை எழுப்ப ஷேர் ஆட்டோ பிடித்தேன். தெருவே அமைதியாக இருந்தது. தறி நின்றுதான் இருந்தது. அறைக்கதவைத் தள்ளினால் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். மடித்துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு முடித்தாயிற்று. கையில் ஃபோன்.

தூங்கினீர்களா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன் என்றார். அது எனக்குப் போதவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. எத்தனை புடவைப் பெட்டி வரும், எவ்வளவு எடை என்று ஆபீசிலிருந்து ஒருவர். வெள்ளிக்கிழமையாச்சே, விமானத்தில் வெங்காயம் பூண்டு இல்லாமல் சாப்பாடு ஏற்ற முடியுமா என்று இன்னொருவர். சென்னையிலிருந்து மாலைகள் வருகிறது, வாடாமல் எங்கே வைப்பது என்று முதலாளியே இரண்டு தடவை. எல்லாமே 'அஞ்சே நிமிஷம் கேப்டன்' தானாம். சத்தத்தை நிறுத்தியிருந்தார், நிஜம்தான். ஆனால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், அதிர்ந்தால் தெரியும் என்று.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. வீடு தேடி வருகிறேன் என்றவர்களைத் தடுத்தேன், ஒரு மனிதரின் தறியை நிறுத்தினேன். கடைசியில் ஃபோன் வழியாக வீட்டுக்குள் நுழைந்து எழுப்பியது அவர்கள்தான்.

"மும்பைக்கு ரெண்டு மணி நேரம்தாம்மா. எத்தனை வாட்டி ஓட்டியிருக்கேன்" என்றார். "கேட்டாங்கன்னா தூங்கினாருன்னு சொல்லிடு."

கார் எங்கே நிற்கிறது என்று கேட்டார். கோயில் பக்கம் என்றேன். செருப்புக்கும் ஷூவுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு, கார் எங்கே நிற்கிறது என்று மறுபடி கேட்டார். ஆட்டோவில் ஏறியதும் மூன்றாவது தடவையாக அதையே கேட்டார். நான் பதில் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்டதே அவருக்கு ஞாபகம் இல்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது அவர்கள் தரிசனம் முடித்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். புடவைப் பெட்டி மேல் பூவும் குங்குமமும் இருந்தது. எல்லார் முகத்திலும் நினைத்தது நடந்த நிம்மதி. முதலாளியின் தங்கைதான் கேட்டார், முடியும்ல கேப்டன் என்று. இவரும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு முடியும் மேடம் என்றார்.

முதலாளியம்மா அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் வந்து, இலைக்கிழிசலில் இருந்த குங்குமத்தை நீட்டினார். மத்தியானம் நான் பேசியதை அவர் மறக்கவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"நீ சொல்லும்மா. தூங்கினாரா?"

இவர் பின்னாலிருந்து என்னையே பார்ப்பது எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் எல்லாரும் சந்தோஷமாகக் காரில் ஏறிவிடுவார்கள். குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றேன். "ஒரு பொட்டுக்கூட தூங்கல. உங்க ஆபீஸ்லேர்ந்து ஃபோன் வந்துக்கினே இருந்துது."

அவர்தான் முடியும் என்கிறாரே என்று தங்கை ஆரம்பித்தார். முதலாளியம்மா கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, இவரை நேராகப் பார்த்து, கேப்டன் என்று மட்டும் சொன்னார்.

இவர் குனிந்து ஷூவைப் பார்த்தார். சிரிப்பு எங்கோ போய்விட்டது. ஒரே நிமிஷத்தில் பத்து வயது கூடினாற்போல முகம் தொங்கிவிட்டது.

"முடியாது மேடம்" என்றார். "இன்னிக்கு நான் ஓட்டக் கூடாது."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கேப்டன் இல்லாமல் கூட ஓட்டுகிற பையன் மட்டும் தனியாக ஓட்ட முடியாது. கல்யாணப் பெண் ஏற்கெனவே ஃபோனில் மும்பை விமானத்துக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்திருந்தாள். கார் கிளம்பியபோது யாரும் எங்களிடம் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றும்போது, வேலை போச்சு என்றார், அவ்வளவுதான். நான் காபி கலந்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் குறுக்காகச் சாய்ந்துவிட்டார். இன்னொரு ஷூ காலிலேயே இருந்தது. கையில் பிடித்திருந்த ஃபோன் நெஞ்சின்மேல் கிடந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தார். சுவர் அதிர ஆரம்பித்தது. இவர் அசையவில்லை.

விளக்கேற்றி, இரண்டாவது ஷூவைக் கழற்றலாம் என்று உள்ளே போனேன். அப்போது ஃபோன் வந்தது. திரையில் முதலாளி. நெஞ்சின்மேல் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. ஓய்ந்து, மறுபடி அதிர்ந்தது. எத்தனை ஆழ்ந்த தூக்கத்திலும் முதல் அதிர்விலேயே எழுந்து உட்காருகிறவர், வாய் பிளந்து கிடந்தார். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் இமைகூட அசையவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மும்பைக்குக் கிளம்புவதாகப் பேசியிருந்த நேரம் தாண்டியிருந்தது. இந்நேரம் இவர் மேகத்துக்கு மேலே இருந்திருப்பார். பின்னால் அந்தப் பெண் புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது தடவை வந்தபோது நானே எடுத்தேன்.

"கேப்டன் தூங்கினு இருக்காரு சார்" என்று சொல்லிவிட்டு, ஃபோனை அணைத்தேன்.