ஜொய்சி எண்ணிய பத்தொன்பது தடவை

நெடுந்தீவில் வீட்டுக் கதிரையில் இருந்தபடியே யாழ்ப்பாணத்துக் கொம்பனியொன்றில் வேலை பார்க்கிறவள் ஜொய்சி. கடைக்காரரும் வைத்தியர்களும் கொடுக்கிற கோப்புகளை அந்தக் கொம்பனி கிளவுட்டில், அதாவது எங்கோ தூரதேசத்தில் இருக்கிற பெரிய கணினிகளில், வைத்துப் பராமரிக்கிறது. அவற்றில் எது பழுதானாலும் உள்ளது உள்ளபடி அறிவிப்பதுதான் அவளுடைய வேலை. நாலு வருடமாக ஒருவரும் குறை சொன்னதில்லை. இந்த வருடம் மேலாளர் வாகீசன் ஒரு கடிதம் அனுப்பினார். கிளவுட் பரீட்சையில் சித்தியடையாதவர்கள் இனி வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது, யாழ்ப்பாணத்து அலுவலகத்துக்கு வர வேண்டும்.

யாழ்ப்பாணம் என்றால் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் படகு, பிறகு பஸ். தினமும் போய்வருவது நடக்கிற காரியமா? அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். அம்மா பிலோமினம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன, படகில் ஏற்றி இறக்க வழியில்லை. கணவன் டிலோன் கடலுக்குப் போகிறவன். இருவரையும் விட்டுப் போக மனமில்லாமல் ஜொய்சி படிக்க உட்கார்ந்தாள். இரண்டு தடவை பரீட்சை எழுதினாள், இரண்டு தடவையும் கோட்டை விட்டாள்.

பாடம் முழுவதும் குழப்பம் என்று சொல்ல முடியாது. நயினாதீவுத் திருவிழாவுக்கு மேலதிகப் படகு விட்டு, சனம் கலைந்ததும் நிறுத்துகிறார்களே, அதுபோலக் கணினிகளைத் தேவைக்குக் கூட்டிக் குறைப்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உதைத்தது ஒரேயொரு சோடிதான். ஹை அவைலபிலிற்றி, ஃபோல்ற் ரொலரன்ஸ். ஒன்று பழுதானால் இன்னொன்று கொஞ்ச நேரத்தில் வந்து வேலையை ஏற்றுக்கொள்வது முதலாவது. பழுதானதே வெளியே தெரியாமல் வேலை ஓடிக்கொண்டிருப்பது இரண்டாவது. ஜொய்சிக்கோ இரண்டும் ஒன்றாகவே பட்டன. எப்படியும் வேலை நடந்துவிட்டதே! 'சேவை இடையில் நின்றதா' என்ற கேள்விக்கெல்லாம் நிற்கவில்லை என்று குறிப்பாள். பிழை என்று கணினி சிவப்பில் காட்டும். அவளுக்கு அழுகையே வந்தது.

கடைசியில் டிலோனைப் பிடித்தாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவனிடம், கடலில் என்ஜின் பழுதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். படகில் பழைய சின்ன என்ஜின் ஒன்று கிடக்கிறது, அதைப் பூட்டிக்கொண்டு வருவோம் என்றான். பூட்ட எவ்வளவு நேரம் என்றாள். அரை மணித்தியாலம், கடல் அடித்தால் இன்னும் கூட.

"அந்த அரை மணித்தியாலம் போட் நிண்டதுதானே?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? வீட்டை வந்து சேர்ந்தனாங்கள்தானே."

பரீட்சையில் ஜொய்சி சொல்லிவந்ததும் இதே பதில்தான். இறங்குதுறையில் இரண்டு மணித்தியாலம் காவல் கிடந்தாலும், படகு வந்தது என்றுதான் ஊரில் பேச்சு. மின்சாரம் மூன்று மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வந்தால், வந்துவிட்டது, அவ்வளவுதான். காத்திருந்த நேரத்தை இங்கே ஒருவரும் தடை என்று கணக்கெடுப்பதில்லை. புத்தகம் எழுதியவனுக்கோ அரை நிமிடம் நின்றாலும் நின்றதுதான். இந்தச் சின்ன விஷயத்துக்கா இரண்டு தடவை தோற்றோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மூன்றாம் தடவை சித்தியடைந்தாள். பிலோமினம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அடுத்த கிழமை வாகீசனிடமிருந்து, சித்தியடைந்தவர்களுக்கென்று ஒரு படிவம் வந்தது. அதில் ஒரே கேள்வி. கடந்த மூன்று மாதத்தில் உங்கள் வீட்டிலிருந்து செய்த வேலை எத்தனை தடவை தடைப்பட்டது? ஐந்துக்கு மேலென்றால் அலுவலகத்துக்கு வர வேண்டும்.

போன மாதம் கேட்டிருந்தால், ஒரு தடவையும் இல்லை என்று எழுதியிருப்பாள். மனமறிந்த பொய்யாகவும் இருந்திராது. இப்போது விரல் மடித்து எண்ணினாள். மின்சாரம் போனது, இணையம் அறுந்தது, புயல் எச்சரிக்கை நாளில் இரண்டும் சேர்ந்து போனது. பத்தொன்பது வந்தது. பூச்சியம் என்று எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். நாலு வருடமாக உள்ளதை உள்ளபடி அறிவித்த கை, கடைசியில் பத்தொன்பது என்றே எழுதி அனுப்பியது. முதலாம் திகதி யாழ்ப்பாணம் வரச்சொல்லி அன்றைக்கே பதில் வந்துவிட்டது.

பிலோமினம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பெயிலானாத்தானே போகோணும் எண்டு சொன்னனி. பாஸ் பண்ணிப்போட்டும் ஏன் பிள்ளை போறாய்?"

"கறண்ட் எத்தினை தரம் நிண்டது எண்டு கேட்டவை, அம்மா. நான் எண்ணிச் சொல்லிப்போட்டன்."

பிலோமினம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அதை ஏன் பிள்ளை எண்ணினனி?"

ஜொய்சி பெட்டிக்குள் உடுப்பை அடுக்கினாள்.