முன்பக்கம் திறக்கும் சட்டை

"ம், எண்ண ஆரம்பி" என்று டிரையல் ரூமுக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வருகிறது. கதவுக்கு வெளியே நின்றபடி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறேன். ஒன்பதில் உள்ளே ஏதோ தொப்பென்று விழுகிறது. பக்கத்து அறைக்காகக் காத்திருக்கும் பெண் பதறிப்போய், "ஐயோ, குழந்தையா?" என்கிறாள். "இல்லைங்க, சலவைத்தூள்" என்று நான் சொன்னதும் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொள்கிறாள்.

துண்டில் சுற்றிய ஐந்து கிலோ சலவைத்தூள் பொட்டலம் அது. வீட்டிலிருக்கும் அண்ணியின் இரண்டாவது பெண், மூன்றரை மாதக் கைக்குழந்தையும் ஏறக்குறைய அதே எடைதான். பாலூட்டும் உடை எதுவானாலும், இந்தப் பொட்டலத்தை இடது கையில் ஏந்திக்கொண்டு வலது கையால் மட்டும் அதைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது அண்ணி வைக்கும் பரீட்சை. பத்து எண்ணுவதற்குள் திறக்காவிட்டால் அந்த உடை ஃபெயில். "நிஜக் குழந்தையையே தூக்கிட்டு வரலாமே அண்ணி" என்று ஒருமுறை கேட்டேன். "அவளை வெச்சுக்கிட்டு நிதானமா பார்க்க முடியுமா? இது அழாது, கக்காது, அடம் பிடிக்காது" என்றார். ஒவ்வொரு கடை வாசலிலும் காவலாளியிடம் துண்டைப் பிரித்துக் காட்டி, இது நாங்களே கொண்டுவந்த பொட்டலம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வது மட்டும் என் பொறுப்பு.

என் அண்ணன் மனைவி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். நாளெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவசரக்காரர்களோடு மல்லுக்கட்டுகிறவர் என்பதால், சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கடைகளிலும் அதே தோரணைதான். "எங்கே இருக்கு, என்ன விலை, எப்படித் திறக்கும்?" என்ற மூன்று கேள்விகளுக்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்த கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

"மெட்டர்னிட்டி" என்று பலகை தொங்கும் மூலைக்குள் நுழைந்தாலே அவருக்கு எரிச்சல் தலைக்கேறிவிடும். கூடப் போய்ப் போய் இப்போது எனக்கும்தான். அடுத்த வரிசையில் சாதாரண நைட்டியாகத் தொங்கும் அதே துணி, நெஞ்சில் ஒரு ஜிப்பை ஒட்டிக்கொண்டு இங்கே வந்ததும் மூன்று மடங்கு விலையாகிவிடுகிறது.

"ஒரு ஜிப்புக்கா இவ்வளவு? வெள்ளியில பண்ணினதா?" என்றார் அண்ணி.

"ஜிப் இருக்கறதே தெரியாது மேடம். அதான் இதுல ஸ்பெஷல்" என்றாள் விற்பனைப் பெண்.

"நானும் அரை மணி நேரமா தடவிப் பார்க்கறேன், எனக்கே தெரியலையே!"

நிறங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இளம் ரோஜா, இளம் மஞ்சள், போதாக்குறைக்கு நெஞ்சு முழுக்கக் கரடிக்குட்டிகள். "பிள்ளை பெத்தா புத்தியும் சின்னதாப் போயிடும்னு நினைச்சுட்டாங்க போல" என்று முணுமுணுத்தார். காட்சிக்கு நிறுத்தியிருந்த பொம்மையையும் அவர் விடவில்லை. வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, குச்சிக் கைகாலோடு சிரித்தபடி நின்றது அது. "வயிறு மட்டும் எட்டாம் மாசம், மத்ததெல்லாம் எட்டாங்கிளாஸ். இதுக்குத் தைச்சதை எனக்குப் போடச் சொன்னா?" இன்னொரு கடையில் ஒருவர், பிரசவம்தான் முடிந்துவிட்டதே, இனி பழைய அளவே போதுமே என்று கணக்காகச் சொன்னார். "அதை என் வயித்துக்கிட்ட நீங்களே சொல்லிப் பாருங்க" என்றார் அண்ணி.

வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் இதே கூத்துதான். ஒன்பது மாதமும் தாங்கும் என்று சொல்லி ஒரு பேண்ட்டை விற்றார்கள். மூன்றாவது துவைப்பிலேயே இடுப்புப் பட்டை தொய்ந்துபோய், கடைசி இரண்டு மாதமும் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டேதான் வேலைக்குப் போய்வந்தார்.

இத்தனை பிடிவாதம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அண்ணனுக்கும் தோன்றி, "பால் பவுடர்னு ஒண்ணு இருக்கே" என்று ஆரம்பித்தான். அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனான்.

விஷயம் அவருடைய சீருடையில் இருக்கிறது. ஆண் ஊழியர்களுக்கு முன்னால் பொத்தான் வைத்த சிமெண்ட் நிறச் சட்டை. பெண்களுக்கு அதே நிறத்தில், கழுத்து வரை மூடி, முதுகில் ஜிப் வைத்த மேல்சட்டை. எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ தெரியாது. இடைவேளை பதினைந்து நிமிடம். மூத்தவள் பிறந்து நான்கு மாதத்தில் வேலைக்குத் திரும்பியபோது, பால் கொடுக்கக் குழந்தையை ரயில் நிலையத்துக்கே தூக்கிப் போனோம். யாரையாவது தேடிப் பிடித்து முதுகு ஜிப்பை இறக்கச் சொல்லி, பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் சட்டையையே கழற்றி உட்கார்ந்து, மறுபடி மாட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். குழந்தை பாதி வயிற்றோடு அலறிக்கொண்டே வீடு திரும்பும். மூன்றே வாரம்தான். "பால் நின்னு போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நிக்கல. நிறுத்திட்டாங்க" என்று அண்ணி என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அன்று எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

இந்த முறை முன்பக்கம் திறக்கும் சட்டை போட அனுமதி கேட்டு முன்கூட்டியே மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். இரண்டுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில். அதனால்தான் வேலைக்கே போட்டுப்போகிற மாதிரி ஒன்றைத் தேடி இப்படிக் கடை கடையாக அலைந்தோம். வேலையில் சேர நான்கு நாள் இருக்கும்போது, ஐந்தாவது கடையில் நான் ஓய்ந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி ஆண்கள் பிரிவில், பட்டறை வேலைக்கான உடைகள் தொங்கும் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். மெக்கானிக் சட்டை. அதே சிமெண்ட் நிறம், முன்பக்கம் முழுக்க பிரஸ் பட்டன், வயிற்றுக்குத் தாராளமான இடம், கரடி நைட்டியின் பாதிகூட இல்லாத விலை. "சாருக்கு என்ன சைஸ் மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர். "சார் நான்தான்" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தோடு உள்ளே போனார். நான் "ரெண்டு" என்று எண்ணும்போதே கதவு திறந்துவிட்டது. மூன்று சட்டை வாங்கினார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். கவுண்டருக்குப் பின்னால் ஊழியர்கள் உட்காரும் அறையில் அண்ணி அந்தச் சட்டையோடு காத்திருந்தார். டக் டக்கென்று பட்டன்கள் திறந்தன, தோளில் ஒரு துண்டு விழுந்தது, குழந்தை குடிக்க ஆரம்பித்துவிட்டது. அப்போது மேலாளர் வாசலுக்கு வந்தார். வீட்டில் அண்ணி அவரைச் "சுற்றறிக்கை" என்றுதான் சொல்வார். கையில் நிஜமாகவே ஒரு சுற்றறிக்கை இருந்தது. கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு பேசினார்.

"லேடீஸ் ஸ்டாஃபுக்குப் பின்னாடி திறக்கற சட்டைதாம்மா. இது முன்னாடி திறக்குது."

"ஆமா சார். பிள்ளை முன்னாடிதானே இருக்கு."

"சிரிக்கற விஷயம் இல்லம்மா இது. ஏன் சீருடையில வரலைன்னு விளக்கம் எழுதிக் குடுங்க. இப்பவே. இல்லேன்னா நான் மேல அனுப்ப வேண்டி வரும்" என்று தாளையும் பேனாவையும் நீட்டினார்.

சேர்ந்த முதல் நாளே வேலைக்கு உலை வைத்துக்கொள்வாரோ என்று பயந்து, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அண்ணி என்னையும் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்தில் இன்னும் ஏழு நிமிடம் மிச்சமிருந்தது. துண்டைச் சரிசெய்துகொண்டு, குழந்தையை மெல்ல அடுத்த மார்புக்கு மாற்றினார்.