மூன்றாவது தடவை கேட்பார்கள்

அயர்லாந்தின் கேவன் மாவட்டத்தில் பால் லாரி ஓட்டுகிறவர்களில், மாலக்கி கேலிகனைப் போல டீயை அழகாக மறுக்கத் தெரிந்தவர் வேறு யாரும் கிடையாது.

ஒவ்வொரு பண்ணையாக லாரியை நிறுத்தி, பால் தொட்டியில் குழாயை மாட்டிவிட்டு அவர் நிற்பார். சமையலறை ஜன்னல் திறக்கும். "மாலக்கி, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ" என்று குரல் வரும். "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சேன்" என்பார். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கியிருக்காது. இரண்டாம் தடவை கேட்பார்கள். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்பார், ஆனால் கை தொப்பியைக் கழற்றத் தொடங்கியிருக்கும். மூன்றாம் தடவை கேட்டதும், "சரி, நின்னுக்கிட்டே ஒரு வாய்" என்று உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். ரொட்டி, வெண்ணெய், பன்றித் தொடைக்கறி, ஒரு துண்டு கேக் எல்லாம் உள்ளே போகும்.

எங்கள் பக்கத்தில் இதுதான் மரியாதை. முதல் தடவையே சரி என்கிறவன் பறக்காவெட்டி. மூன்றாம் தடவை கேட்காதவள் மகா கஞ்சம். அந்தப் பெயரை மட்டும் எங்களால் தாங்க முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே நாடு முழுக்க எங்களுக்கு அந்தப் பெயர்தான். கேவன்காரன் ஆரஞ்சுப் பழத்தைக்கூடச் சட்டைப் பைக்குள்ளேயே உரிப்பான், வெளியே எடுத்தால் பங்கு கேட்பார்களாம். சொல்கிறவர்கள் மட்டும் ஏதோ கொடை வள்ளல்கள்.

மாலக்கி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூட்ஹில் ஊரைத் தாண்டி, சதுப்பு நிலத்து ஓரமாகப் போகும் பாதையின் கடைசியில் அவர் வீடு. கூடப் பிறந்தது ஒரே தம்பி, டெக்லன். இள வயதில் ஹாலந்துக்குப் பூத்தோட்ட வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அங்கேயே செத்தும் போனான். அவனுக்கு ஒரு மகள், ரோஷீன். பெயர்தான் நம்ம ஊர்ப் பெயர், வளர்ப்பெல்லாம் அம்மா ஊர் வளர்ப்பு. போன வசந்தத்தில் அவள் வேலை கிடைத்து டப்ளினுக்கு வந்து, சின்னதாக ஒரு வீடு வாடகைக்கு எடுத்தாள். ரத்த சொந்தம் என்று சொல்லிக்கொள்ள மாலக்கிக்கு உலகத்தில் அவள் ஒருத்திதான்.

ஜூன் மாதம் அவளே போன் செய்தாள்.

"பெரியப்பா, சனிக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க. ராத்திரி திரும்பிப் போக பஸ் இருக்காதுல்ல, இங்கயே படுத்துக்குங்க. ஒரு ரூம் சும்மாதான் இருக்கு."

மாலக்கிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டெக்லன் ஹாலந்து போனதற்குப் பிறகு, தன் ரத்தம் ஓடும் ஒரு ஜீவன் பக்கத்து அறையில் நடமாடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் தூங்கியது இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய ஆசையா அது?

ஆனால் வாய் தன் பழக்கத்தை விடுமா?

"ஐயோ, வேண்டாம் கண்ணு. உனக்கு எதுக்கு சிரமம். நான் அங்க ஒரு ஹாஸ்டல்ல இடம் பார்த்துட்டேன்."

ஹாஸ்டல் எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது. டப்ளினில் ஹோட்டல் அறை எடுத்தேன் என்று ஒரு கேவன்காரன் சொன்னால் குழந்தைகூட நம்பாது, அதனால் இருக்கலாம். சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை கேட்பதற்காகக் காத்திருந்தார்.

"அப்படியா? சரி பெரியப்பா" என்றாள் ரோஷீன். "உங்களுக்கு எது வசதியோ அப்படியே செய்ங்க. ஆறு மணிக்கு வந்துடுங்க."

போன் அடங்கிவிட்டது. மாலக்கி அதைக் காதிலிருந்து எடுக்காமல் வெகுநேரம் நின்றார். ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான். கடையில் ஆணி வாங்குவது போல முடிந்துவிட்டது.

இனி என்ன செய்வது? இல்லாத ஹாஸ்டலை உண்டாக்க வேண்டும். தானாகத் திரும்பக் கூப்பிட்டு, "அம்மா, நான் உன் வீட்டிலேயே படுக்கிறேன்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய் அன்றே திரும்பலாம் என்றால், டப்ளின் தெருக்களில் கார் ஓட்ட அவருக்குப் பயம். அத்தனை பெரிய லாரியைச் சந்து பொந்தெல்லாம் வளைக்கிற மனிதர், டப்ளின் என்றால் காய்ச்சல் கண்டவர் போல ஆகிவிடுவார்.

மறுநாள் டிம்ப்னா வீட்டில் லாரியை நிறுத்தினார். டிம்ப்னா புருஷன் போன பிறகும் மாடுகளை விடாமல் ஒற்றை ஆளாகப் பண்ணையை நடத்துகிறவள். மாலக்கியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். டீக்கு வழக்கமான மூன்று அழைப்பும் முடிந்து அவர் உட்கார்ந்ததும், விஷயத்தை மெல்ல எடுத்தார்.

"டிம்ப்னா, உன் மெஷின்ல டப்ளின் ஹாஸ்டல் ஒண்ணு பார்த்துக் குடேன். சனிக்கிழமை ஒரு ராத்திரிக்கு."

"ஹாஸ்டலா? முதுகுல மூட்டைய மாட்டிக்கிட்டு வர்ற சின்னப் பசங்க தங்கற எடம்யா அது."

"இருக்கட்டும். மலிவா இருக்குமாமே."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தாள் டிம்ப்னா. "கேவன் புத்தி எங்க போகும்." கையைத் துடைத்துக்கொண்டு, மாவு ஒட்டிய விரலால் டேப்லெட் திரையைத் தள்ள ஆரம்பித்தாள். "இதுல முப்பத்தஞ்சு வயசுக்கு மேல சேர்க்க மாட்டாங்களாம். உன்னை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். இது பரவால்ல, வயசு கேக்கல. ஆனா ஒரே ரூம்ல பதினாறு கட்டில்."

"மாட்டுக் கொட்டாய் மாதிரி இருக்குமே."

"மாடு குறட்டை விடாது. இந்தா, இதுல எட்டுப் பேர் ரூம். கீழ்க் கட்டில் வேணும்னா முன்னாடியே சொல்லணுமாம். மேல ஏறி விழுந்து இடுப்ப ஒடச்சுக்காத. துண்டு நீயே கொண்டு போ, அதுக்குத் தனியா காசு புடுங்குவான். கட்டிலுக்கு அடியில பெட்டி இருக்காம், பூட்டு நம்மளுது. மாட்டுக் கொட்டாய்ப் பூட்டத் தரேன், எடுத்துட்டுப் போ. காதுல வைக்கப் பஞ்சு."

"இத ரத்து பண்ண முடியுமா?"

"முடியாது. அதனாலதான் மலிவு. ரத்து பண்ற வசதி வேணும்னா கூடக் கேக்கறான்."

"அப்போ கூடக் கொடுக்கறதையே போட்டுடு."

டிம்ப்னா தலையைத் தூக்கினாள். ஒரு கேலிகன், கேட்காமலேயே, கூடக் காசு கொடுக்கிறேன் என்கிறான். மெஷினை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"என்னய்யா விஷயம்? உன் தம்பி பொண்ணு அங்கதானே இருக்கா?"

மாலக்கி ரொட்டித் துணுக்குகளை ஒன்றாகக் குவித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

"ஒரே ஒரு தடவைதான் கேட்டாளா?" டிம்ப்னாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஒரே தடவை."

"அவ அம்மா ஊர்க்காரங்க அப்படித்தான். வேண்டாம்னா வேண்டாம்தான் அவங்களுக்கு. நீ போன் பண்ணி நேரா சொல்லிடேன், உன் வீட்லயே தங்கறேன்னு."

"எப்படிச் சொல்றது? இடம் கொடும்மான்னு கையேந்தற மாதிரி இருக்காதா? நீயா இருந்தா சொல்லுவியா?"

செத்தாலும் டிம்ப்னாவும் சொல்லமாட்டாள். "விடு. சாப்பிட்டு எழுந்திருக்கும்போது கண்டிப்பா திரும்பக் கேப்பா. கேட்டதும் பிகு பண்ணாம சரின்னு சொல்லிடு" என்றாள். மெஷினை நிமிர்த்தி, கூடக் காசு கொடுக்கும் கட்டிலையே பதிவு செய்தாள்.

சனிக்கிழமை மாலக்கி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பையில் துண்டு, மாட்டுக் கொட்டாய்ப் பூட்டு, டிம்ப்னா சுட்டுக்கொடுத்த உலர்பழ ரொட்டி. வழியெல்லாம் ஒரே ஒத்திகை. "சரிம்மா, தங்கறேன்." இத்தனூண்டு வாக்கியம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

கதவைத் திறந்த ரோஷீனைப் பார்த்ததும் கண் அவள் காதுகளில் போய் நின்றது. கேலிகன் காதுகள். டெக்லனுக்கு இருந்த அதே விரிந்த காதுகள், பள்ளிக்கூடத்தில் அவனை எல்லோரும் கேலி செய்த காதுகள். அவள் அவற்றை மறைக்காமல் தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள்.

அவள் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். தெருப் பக்கத்து அறையில் கட்டில் விரித்துத் தயாராக இருந்தது. புதுப் போர்வை. மேலே மடித்த துண்டு, துண்டின் மேல் உறை பிரிக்காத சோப்பு.

"இது யாருக்கும்மா?" என்று கேட்டார். கேட்கும்போதே குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"உங்களுக்குத்தான் போட்டு வச்சேன், போன் பண்றதுக்கு முன்னாடியே. அப்புறம் நீங்க இடம் பார்த்துட்டதா சொன்னீங்கல்ல" என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

உருளைக்கிழங்கையும் கீரையையும் சேர்த்து மசித்து, மேலே புகைபோட்ட சாஸேஜ் வைத்திருந்தாள். அவள் அம்மா வீட்டுச் சமையல். நன்றாக இருந்தது. "இன்னும் போடட்டுமா பெரியப்பா?" என்றாள். "போதும்மா, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றார். அவள் உடனே பாத்திரத்தை எடுத்து மூடி வைத்துவிட்டாள். மாலக்கி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பசியோடு அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம் அது. மனிதர் கற்கவில்லை.

டெக்லனைப் பற்றிப் பேசினார்கள். அவன் கடைசி வரை கேவன் கால்பந்துக் குழு தோற்றதையெல்லாம் தேதியோடு சொல்வானாம். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நடுவில் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஹாஸ்டல்ல உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்களோ?"

"ஆமா... கிளம்பணும்" என்று எழுந்தார். எழுந்தால்தானே உட்கார் என்று சொல்வார்கள்? எங்கள் ஊரில் அப்படித்தான். விருந்தாளி எழுவதும், கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதும் மூன்று ஆட்டம் நடந்த பிறகுதான் ஒருவன் உண்மையிலேயே போவான். ரோஷீன் அவர் கோட்டை எடுத்து வந்து கொடுத்தாள்.

வாசலில் இன்னும் வெளிச்சமாக இருந்தது. ஜூன் மாதம் இருட்டுவதற்கு வெகுநேரமாகும். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று, கால் கட்டைவிரலைப் பார்த்தபடி சொன்னாள்:

"எங்க வீட்ல தங்க உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நினைச்சேன் பெரியப்பா. படுக்கை இன்னும் அப்படியேதான் இருக்கு."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதற்கு முன்னால் பழைய வாய் முந்திக்கொண்டது.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா. பரவால்ல. இன்னொரு தடவை பார்ப்போம்."

"சரி" என்றாள். குனிந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டாள், அவள் அம்மா ஊர் வழக்கப்படி இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். முத்தத்துக்கு மட்டும் அவர்களும் மூன்று தடவை வைத்திருக்கிறார்கள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகும் மாலக்கி மெதுவாகவே நடந்தார். திரும்பக் கூப்பிடுவாள் என்று தெருக்கோடி வரை காது பின்னாலேயே இருந்தது. கோடியில் திரும்பும்போதுதான் உறைத்தது. வாசலில் அவள் சொன்னது சும்மா சொன்ன பேச்சில்லை. அதுதான் இரண்டாம் தடவை. அந்தப் பெண்ணுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது. மனசு விட்டுப்போயிற்று அவருக்கு. திரும்பிப் போய்க் கதவைத் தட்டலாம். தட்டுவதற்கு அவர் வேறு ஆளாகப் பிறந்திருக்க வேண்டும்.

ஹாஸ்டலில் எல்லாம் டிம்ப்னா சொன்னபடியே இருந்தது. கீழ்க் கட்டில், அடியில் பெட்டி. மாட்டுக் கொட்டாய்ப் பூட்டு கொக்கிக்குப் பெரிதாக இருந்ததால் நுழையவில்லை. பொதுச் சமையலறையில் போலந்து நாட்டுக் கொத்தனார் ஒருவர், வீடு கிடைக்காமல் வாரக்கணக்கில் அங்கேயே தங்கியிருப்பவர், கேத்தலைத் தூக்கிக் காட்டி, "டீ?" என்றார்.

"வேண்டாம், இப்பதான் குடிச்சேன்" என்றார் மாலக்கி.

அந்த மனிதர் தலையாட்டிவிட்டுத் தன் கோப்பையில் மட்டும் ஊற்றிக்கொண்டார்.

படுத்த பிறகு மேல் கட்டிலில் யாரோ புரண்டார்கள், யாரோ இருமினார்கள், ஒருவன் தன் பாஷையில் போனில் யாரிடமோ கொஞ்சிக்கொண்டிருந்தான். தூங்கும்போது பக்கத்தில் நடமாட்டம் வேண்டுமென்று ஆசைப்பட்டவருக்கு வேண்டிய அளவு கிடைத்தது. அதில் ஒருவரும் அவருடையவர் இல்லை. பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வாழ்க்கையில் அவ்வளவு தனியாக அவர் சதுப்பு நிலத்து வீட்டில்கூட இருந்ததில்லை.

திங்கட்கிழமை டிம்ப்னாவின் தொட்டியில் குழாயை மாட்டிவிட்டு நின்றார். ஜன்னல் திறந்தது.

"மாலக்கி, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ."

"குடிக்கிறேன்" என்றார்.

இரண்டாவது அழைப்புக்காகத் திறந்த வாய் அப்படியே நிற்க, டிம்ப்னா அவரைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அவ கேக்கவே இல்லையா?" என்றாள் மெதுவாக.

"கேட்டா. வாசல்ல நின்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

மாலக்கி காலிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பரவால்லன்னு சொன்னேன்."

டிம்ப்னா கோப்பை நிறைய டீயை ஊற்றினாள்.